ஆய்வுக்கூடத்தில் தமிழ் மாணாக்கர்

மனத்தின் தொழிலையும் இயந்திர அறிவையும் ஒருங்கே ஆராயும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் நம் நாட்டிற் பெருகி வருகின்றன. அவற்றுட் புகுதற்குரியார் கணிதமும் பொறியியலும் பயின்றோரே என்றும், இலக்கணமும் இலக்கியமும் கற்கும் எம்மனோர்க்கு ஆங்கு இடமில்லை என்றும் ஓர் எண்ணம் நம் கல்லூரியில் விடுதி முதல் ஆசிரியர் அறை வரை பரவியிருக்கின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் மூவர் சென்ற கோடை விடுமுறையில் இரண்டு திங்கள் அத்தகைய குழுவொன்றிற் சேர்ந்து பணிபுரிந்தோம். ஆங்குக் கண்டனவற்றுட் சிலவும், அவை காரணமாகப் பின்னர்த் தேடிக் கற்றனவற்றுட் சிலவும் ஈண்டுக் கூறப்புகுகின்றோம். அக்கூடத்திற்கு இரண்டு வாயில்கள் உண்டு. இவ்வாண்டு விண்ணப்பிக்க எண்ணுவோர் எவ்வாயிலாற் புகுதல் நன்று என்பதனை முன்னரே அறிந்து செல்லுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

முதற்கண் இவ்வாய்வு எத்தன்மைத்து என்பதனைத் தெளிவோம். காண்டல், கேட்டல், நினைவிற் கோடல், மொழிதல், கருதியளத்தல், முடிவு செய்தல் என்னும் மனத்தொழில்கள் யாவற்றையும் ஒரு சொல்லால் அறிதல் என வழங்குகின்றனர். அது நிகழுமாற்றை ஆராயும் துறை அறிதலியல். 1956 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் கூடிய ஓர் அவையில் உளநூலார் ஜார்ஜ் மில்லரும், மொழிநூலார் நோம் சாம்ஸ்கியும், கணிப்பொறியைக் கொண்டு தருக்கத் தேற்றங்களை நிறுவிக் காட்டிய ஆலன் நியூவெல், ஹெர்பெர்ட் சைமன் என்போரும் தத்தம் ஆய்வுகளை எடுத்துரைத்தனர். அந்நாளையே இத்துறையின் பிறந்தநாளென மில்லர் பின்னாளிற் குறித்தார். அவ்வாண்டின் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தி முதலியோர் கூட்டிய அவையாற்றான் செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் நிலைபெற்றது. 1978 இல் ஸ்லோன் அறநிலையத்திற்கென எழுதப்பெற்ற ஓர் அறிக்கை, அறிதலியலை மெய்யியல், உளநூல், மொழிநூல், கணிப்பொறியியல், மானிடவியல், நரம்பியல் என்னும் ஆறு துறைகளின் கூட்டாக வரைந்து காட்டிற்று. மொழிநூல் அவ்வாறனுள் ஒன்றாதலின், இலக்கணம் கற்றவன் அக்கூடத்தின் வாயிலில் நிற்பது அழையா வீட்டிற் பந்திக்கு முந்துவது போன்றதன்று. அவன் பங்காளியாகவே நிற்கின்றான்.

உயிர்களை அறிவின் அளவால் வகுக்கும் முறை நம் இலக்கணத்திலும் உண்டு. தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவினவாகவும், நந்து முதலியவற்றை ஈரறிவினவாகவும், சிதலையும் எறும்பையும் மூவறிவினவாகவும், நண்டையும் தும்பியையும் நாலறிவினவாகவும், விலங்குகளை ஐயறிவினவாகவும் வைத்து, மனம் என்பதொன்றை மிகுதியாகப் பெற்றமையின் மக்களை ஆறறிவினர் என்றார். பல நூற்றாண்டின் பின் வந்த நன்னூலாரோ மக்களையும் ஐயறிவுயிர்களோடே எண்ணியொழிந்தார். தேர்வின்பொருட்டு இவ்வேறுபாட்டை மனப்பாடம் செய்திருந்த எமக்கு, இஃது இன்றும் தீராத வழக்கென்பது ஆய்வுக்கூடத்திற்றான் புலனாயிற்று. மனம் என்பது ஐம்பொறிகளின் மேல் நிற்கும் ஆறாவதொன்றோ? அன்றி, ஐம்பொறிவழி வந்தவற்றைத் தொகுத்துக் கணிக்கும் செயலே மனமோ? பின்னதே உண்மையாயின், கண்ணும் செவியும் பொருத்திய இயந்திரம் ஒருநாள் மனமுடையதாகலாம். முன்னதாயின் அஃது அரிது. யாம் இருந்த இடத்தில் தேநீர் வேளைதோறும் நிகழ்ந்த சொற்போர் இதுவே. அச்சொற்போரில் தொல்காப்பியர் பெயரையும் பவணந்தியார் பெயரையும் யாம் எடுத்துரைத்த அன்றுதான் பொறியியல் மாணாக்கர் எம்மை நோக்கி நாற்காலியைத் திருப்பினர் என்பதனையும் மறையாது கூறுகின்றோம்.

ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1950 இல் 'மைண்ட்' என்னும் ஆய்விதழில் எழுதிய கட்டுரையில், இயந்திரம் நினைக்குமோ என்னும் வினாவை விடுத்து, உரையாடலில் அது மனிதனைப்போல நடித்து நம்மை மயக்க வல்லதோ என்னும் வினாவை அதனிடத்தில் வைத்தார். அன்று தொட்டு மொழியே இயந்திர அறிவின் உரைகல்லாயிற்று. இன்று அவ்வுரைகல்லில் உரைக்கப்படும் பெருமொழி மாதிரிகளோ, அளவிறந்த எழுத்துக்களைப் படித்து, ஒரு சொற்றுண்டின் பின் எத்துண்டு வருமென ஊகித்துப் பழகியவை. எமிலி பெண்டர், டிம்னிட் கெப்ரு முதலியோர் 2021 இல் எழுதிய கட்டுரையில் இவற்றைக் கிளியெனக் கூறினர். பொருளறியாது, சொற்கள் அடுத்தடுத்து வரும் வாய்ப்பை மட்டும் நோக்கிக் கோக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. நன்னூற் பாயிரம் மாணாக்கரை வகுக்குங்கால் அன்னத்தையும் ஆவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைக் கடைமாணாக்கர்க்கும் உவமை கூறுதல் நினைக்கத்தக்கது. கற்பித்ததனையன்றிப் பிறிதொன்று சொல்லாத கிளியைப் பவணந்தியார் கடையில் வைத்திலர். எம் கருத்தில், இவ்வியந்திரங்கட்குக் கிளியினும் நெய்யரியே சிற்சிலபோது பொருத்தமான உவமை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றுதல்போல, இணையத்தின் நல்லுரையை விடுத்து அதன் வசையையும் பொய்யையும் அவை பற்றிக்கொள்வதுண்டு. உரையாசிரியர் கூற்றை வரி பிறழாது ஒப்பிக்கும் கிளிகள் நம் வகுப்பிலும் உளவாதலின் இதன்மேற் கூறாது அமைகின்றோம்.

இனி, எம் பணிக்குரிய களத்தைக் கூறுவோம். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையிற் படப்பையைக் கடந்து சென்றால் ஒரகடம். அதற்கு வடக்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் ஏரிகளாலும் நெல்வயல்களாலும் ஆகியிருந்தது. 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை கார்களைச் செய்யத் தொடங்கிற்று. 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை திறக்கப்பெற்று 2014 இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ–நிஸான் கார்களும், 2012 இல் டைம்லர் லாரிகளும், 2013 இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்களும் உருவாகத் தொடங்கின. ஷிப்டு மாறும் பொழுதுகளில் அச்சாலைகளிற் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் காட்சியைக் கண்டோர், அவற்றினின்று இறங்குவோரிடைத் தமிழோடு ஒடியாவும் இந்தியும் அசாமியமும் கலந்து ஒலித்தலையும் கேட்டிருப்பர்.

யாம் சேர்ந்த குழுவினர் இப்பகுதித் தொழிலாளர் சிலரிடம், அவர்தம் உடன்பாடு பெற்று, வேலையைப் பற்றிய பேச்சை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தனர். ஒரகடத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. அறிதலும் இயந்திரமும் நேர்நின்று ஒன்றையொன்று நோக்கும் இடம் நம் மாநிலத்தில் அதனினும் வெளிப்படையானது அரிது. காரின் உடற்கூட்டை வெல்டு செய்வன பெரும்பாலும் இயந்திரக் கைகள். சாயத்தின் மறுவைப் படக்கருவி காணும். ஆயின், காரினுள் நரம்புபோல ஓடும் வயர்த் தொகுதியைப் பலகைமேற் பரப்பி, முறுக்கி, நாடா சுற்றிக் கட்டுவோர் இன்றும் பெரும்பாலும் மனிதரே, அவருட் பலர் பெண்டிர். வளைந்து நெளியும் பொருளைக் கையாளுதல் இயந்திரத்திற்கு அத்துணை அரிதாக இருக்கின்றது. செக்கர்ஸ் ஆட்டத்தில் வளர்ந்தோர்க்கு நிகராகும் கணிப்பொறிக்கு ஓராண்டுக் குழவியின் காண்டல், நடத்தல் திறன்களைத் தருதல் அரிது என்று ஹான்ஸ் மொராவெக் 1988 இல் எழுதினார். அறிஞர் அரிதெனக் கருதிய கணக்கும் தருக்கமும் எளியவாயின. எளிதெனக் கருதிய காண்டலும் தொடலும் நடத்தலும் அரியவாயின. ஓரறிவு முதல் ஐயறிவு வரை கீழ்ப்படிகளென எண்ணி நாம் விரைந்து கடந்து செல்கின்றோமன்றோ, ஆங்கேயே இயந்திரம் இடறுகின்றது. அவ்விடறல் என்று நீங்குமோ அன்று வயர்ப்பலகையின் முன் நிற்கும் பெண்ணின் வேலையும் கேள்விக்குரியதாகும்.

எம்மிடம் ஒப்புவித்த பணி பார்வைக்குச் சிறிது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுதல், எழுதியதனைச் சொல்லும் உருபுமாகப் பிரித்தல், ஒவ்வொன்றிற்கும் குறியிடுதல், இவ்வளவே. மூவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் நோக்காது செய்தல் வேண்டும். மூவர் குறிகளும் எத்துணை ஒத்துள்ளன என்பதனை ஜேக்கப் கோஹென் 1960 இல் வகுத்த கப்பா என்னும் அளவையின் வழிவந்த முறையால் மதிப்பிடுவர். வெறும் தற்செயலாலேயே ஒத்துப்போகக்கூடிய பகுதியைக் கழித்து, எஞ்சிய ஒற்றுமையை மட்டும் கணக்கிற் கொள்வது அதன் நுட்பம். தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர்கள் இவ்வளவையைச் சிறிது எண்ணிப்பார்த்தல் நன்று.

பிரித்தலின் அருமை முதல்நாளே விளங்கிற்று. தமிழ் என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பது நம் இலக்கணம். கணிப்பொறியின் ஒருங்குறி முறையிலோ உயிர்மெய்யின் இகரக் குறியும் மெய்யின் புள்ளியும் தனிக்குறிகளாக நிற்றலின் அஃது ஐந்து. இணையத்திற் பெருவழக்கான முறையில் அவ்வைந்தனுள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக்களாகச் சேமிக்கப்படுதலின் மொத்தம் பதினைந்து. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லொன்று ஐந்து பைட்டுக்களில் அடங்கிவிடும். ஆங்கில நூல்களையே பெரிதும் கொண்டு அமைத்த துண்டாக்கும் முறை, தொழிலாளர்களுக்கும் என்பதனைத் தொழிலாளர், கள், கு, உம் எனப் பொருள் பிரியும் இடத்திற் பிரிக்காது, விறகு வெட்டுவார்போலக் கண்ட இடத்தில் வெட்டும். துண்டு மிகுதலின் செலவும் மிகும், பிழையும் மிகும். இனிப் புணர்ச்சியோ வேறொரு தொல்லை. பலகைபிடித்தான் என்பது ஒரு பலகையைப் பிடித்தானோ, பல கைகளைப் பிடித்தானோ? தங்கை என்பது உடன்பிறந்தாளோ, தம் கையோ? இடம் நோக்கி நாம் நொடியில் தெளிகின்றோம். எவ்வாறு தெளிகின்றோம் என வினவினால் விடை கூற இயல்வதில்லை. அவ்விடையைத் தேடுவதே அறிதலியல்.

எம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது மற்றொன்று. ஒலிப்பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்த சொல், 'போச்சு'. லைன் நின்னுபோச்சு. பீஸ் உடைஞ்சுபோச்சு. போயிற்று என்பதன் மரூஉவாகிய இத்துணைவினை, நிகழ்ந்தது விரும்பத்தகாதது என்பதனையும், மீட்டற்கு அரிது என்பதனையும் ஒருங்கே உணர்த்தும். உணர்த்தாதது ஒன்று, செய்தவன் யார் என்பது. உடைந்தது என்பது தன்வினை, உடைத்தான் என்பது பிறவினை. இவ்விணைகள் உருண்டது, உருட்டினான் என்றும், திரும்பிற்று, திருப்பினான் என்றும் நம் மொழி முழுதும் பரந்து கிடக்கின்றன. இவை நூலில் மட்டும் வாழ்வன என்று எண்ணியிருப்போர் ஒரகடத்துப் பேச்சைக் கேட்டல் வேண்டும். ஆங்கிலச் சொல்லைக் கடன்கொண்ட இடத்தும் ரிஜெக்ட் ஆயிடுச்சு என்பது தன்வினை, ரிஜெக்ட் பண்ணிட்டாங்க என்பது பிறவினை. சொல் கடன், இலக்கணம் சொந்தம்.

இதன்பால் ஒரு பெருவினா அடங்கியுள்ளது. கெய்ட்லின் பாசி, லேரா பொரோடிட்ஸ்கி என்னும் ஆய்வாளர் ஆங்கிலம் பேசுவோரிடத்தும் ஸ்பானியம் பேசுவோரிடத்தும் சோதனையொன்று நிகழ்த்தி 2011 இல் வெளியிட்டனர். ஒருவர் வேண்டுமென்றே ஒரு செயலைச் செய்தலும், தற்செயலாக ஒன்று நேர்தலும் சிறு படங்களாகக் காட்டப்பட்டன. வேண்டுமென்று செய்தவரை இருமொழியினரும் ஒப்பவே நினைவிற் கொண்டிருந்தனர். தற்செயலாக நேர்ந்தவற்றில், அவன் உடைத்தான் என்று சொல்லும் வழக்கம் மிகுந்த ஆங்கிலேய மொழியினர் செய்தவரை நன்கு நினைவு கூர்ந்தனர். உடைந்தது என்று சொல்லும் வழக்கம் மிகுந்த ஸ்பானிய மொழியினர் அத்துணை நன்றாக நினைவு கூர்ந்திலர். சொல்லும் முறை நினைவையும் தொடுகின்றது என்பது இதன் கருத்து. இக்கருத்தை மறுத்தும் வரையறுத்தும் எழுதுவோரும் உளர். ஆயினும், தமிழில் உடைஞ்சுபோச்சு என்று கூறும் தொழிலாளியிடம் ஆங்கிலத்தில் அமைந்த விபத்தறிக்கைத் தாள் யார் செய்தது என்று வினவும்பொழுது, அவர் எதை நினைவினின்று எடுக்கின்றார்? எதை அத்தாளின் கட்டத்தை நிரப்புவதற்காகவே கூறுகின்றார்? இத்தகைய பேச்சை இயந்திரம் மொழிபெயர்க்கும்பொழுது எழுவாயில்லாத வாக்கியத்திற்கு எழுவாயொன்றை அது தானே படைத்து வைத்தால் யாருடைய பெயர் ஆங்கு ஏறும்? இவ்வினாவைப் பொறியியலார் எழுப்பிலர். தன்வினை பிறவினைகளைப் படித்தவனுக்கு இஃது இயல்பாகத் தோன்றும்.

தோன்றும் என்ற சொல்லே வேறொன்றை நினைவூட்டுகின்றது. எனக்குத் தெரியும், எனக்குப் புரிந்தது, எனக்குத் தோன்றுகிறது, எனக்கு மறந்துபோயிற்று என அறிதற்றொழில் பலவற்றில் தமிழ் அறிவோனை நான்காம் வேற்றுமையில் நிறுத்துகின்றது. அறிவு அவனிடம் வந்து சேர்வதொன்றாகின்றது. நினைக்கிறேன், எண்ணுகிறேன் என்பவற்றிலோ அவன் எழுவாய். ஸ்ரீபெரும்புதூரில் 1017 இல் தோன்றினாரென மரபு கூறும் இராமாநுசர், அறிவென்பது ஒருவனுக்குரியதாயும் ஒரு பொருளைப் பற்றியதாயும் அன்றித் தனியே நிற்பதொன்றன்று எனத் தம் மெய்ப்பொருள் நூல்களில் வற்புறுத்தியவர். அக்கோட்பாட்டின் சமயப்பகுதி ஈண்டு நமக்கு வேண்டுவதன்று. ஆயினும், அவ்வூரின் அருகே இன்று ஒரு படக்கருவி வெல்டின் பிழையைக் கண்டு விளக்கெரிக்குங்கால், அவ்வறிவு யாருக்குரியது என்னும் வினாவை அவர் கோட்பாடு நம் கையில் தந்துவிடுகின்றது. இயந்திரத்திற்குத் தெரியும் என்று நான்காம் வேற்றுமை கொடுத்துப் பேசுதல் எம் செவிக்கு இன்னும் இசையவில்லை. அடுத்த தலைமுறையின் செவிக்கு இசைந்துவிடும் போலும்.

மொழிபெயர்க்கும் இயந்திரத்தைச் சோதிக்கும் பணியும் சிறிது எமக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தின் வீ என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழில் நாம், நாங்கள் என இரண்டு. கேட்போனை உள்ளடக்கின் நாம், விலக்கின் நாங்கள். பண்டைத் தமிழில் விலக்குவதற்கு யாம் என்பது இருந்தது. இக்கட்டுரையிலும் யாம் மூவரைக் குறிக்க யாம் என்றும், படிப்போரையும் உளப்படுத்த நாம் என்றும் எழுதி வருகின்றோம். தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஊதியத்தைப் பற்றி ஆராய்ந்து வருகின்றோம் என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாக்கியம் எழுதப்படுகின்றதென வைத்துக்கொள்வோம். அதனை இயந்திரம் நாம் என்று பெயர்த்தால் ஆராய்வோருள் தொழிலாளியும் ஒருவன். நாங்கள் என்று பெயர்த்தால் அவன் புறத்தே நிற்பவன். ஆங்கில மூலத்தில் இவ்வேறுபாடு இல்லாமையின் இயந்திரம் தான் படித்தவற்றில் எது மிகுதியோ அதனை எடுத்து வைக்கும். பலகையின் முன் நிற்பவனோ தான் உள்ளோ புறமோ என்பதனையே அச்சொல்லில் தேடுவான். யாம் சோதித்த வாக்கியங்களில், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைச் சேர்த்துக் கொடுத்தபொழுது இயந்திரம் பெரும்பாலும் செவ்விதிற் பெயர்த்தது. தனி வாக்கியமாகக் கொடுத்தபொழுது தடுமாறிற்று. அறிவிப்புப் பலகைகளோ பெரும்பாலும் தனி வாக்கியங்களால் ஆகியவை.

ஈண்டு ஒரு தடை எழும். இலக்கண விதிகளை ஒருவரும் எழுதிக் கொடாமலேயே இன்றைய இயந்திரங்கள் மொழி பயின்றுவிட்டனவே, இலக்கணம் கற்றவனுக்கு அங்கு இனி என்ன வேலை என்பது அத்தடை. அதனை எளிதில் ஒதுக்குதல் நேர்மையன்று. ராஜ் ரெட்டி என்பவர் 1937 இற் பிறந்து, சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958 இற் பட்டம் பெற்று, ஸ்டான்போர்டில் மெக்கார்த்தியின் மாணவராகி 1966 இல் முனைவரானவர். பேச்சை இயந்திரம் உணர்தல் பற்றிய ஆய்வில் முன்னோடியாய், 1994 இல் டூரிங் பரிசைப் பெற்ற முதல் ஆசியராயினார். அவர் குழுவினர் 1970 களில் அமைத்த ஹியர்சே என்னும் அமைப்பில் ஒலியறிவு, சொல்லறிவு, தொடரறிவு என்பன தனித்தனி அறிஞர்போல ஒரு கரும்பலகையில் தத்தம் ஊகங்களை எழுதி ஒன்றுபட்டு முடிவு செய்யும். அக்காலத்தில் மொழியியலார்க்கு அக்கூடத்தில் நாற்காலி இருந்தது. பின்னர்ப் புள்ளியியல் முறைகள் அந்நாற்காலியை ஓரத்திற்குத் தள்ளின. 2017 இல் டிரான்ஸ்பார்மர் என்னும் அமைப்பு வந்தபின் அது வாயிலுக்கே வந்துவிட்டது.

ஆயினும் அந்நாற்காலி வாயிலைக் கடந்து போகவில்லை. ஆங்கிலத்திற்கு உள்ளது போன்ற எழுத்துக்கடல் தமிழுக்கு இணையத்தில் இல்லை. பேச்சுத் தமிழுக்கோ அதனினும் குறைவு. ஆதலின் அதனைத் தேடித் திரட்டல் வேண்டியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவினர் 2024 இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் என்னும் பேச்சுத் தொகுப்பு, 22 இந்திய மொழிகளில், 145 மாவட்டங்களிலிருந்து, 16,237 பேர் பேசிய 7,348 மணிநேரப் பேச்சைக் கொண்டது. எழுதி வைத்ததைப் படித்த பகுதி அதில் நூற்றுக்கு ஒன்பதே. எஞ்சியன இயல்பாகப் பேசியனவும் இருவர் உரையாடியனவும். இத்தகைய தொகுப்பைக் கேட்டு எழுதுவோரும் சரிபார்ப்போரும் மொழியறிந்தோராக இருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய இரண்டு வாயில்கள் இவ்விடத்திற் பிரிகின்றன. ஒன்று, குறியிடுவோன் வாயில். ஒலித்துண்டு இத்தனைக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணிக் கொடுக்கும் வேலை அது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இப்பொழுது நடைபெறுகின்றது. இழிந்த வேலையன்று, பல குடும்பங்கட்கு அஃது உணவு. ஆனால் குறிகளின் பட்டியலை வகுத்தவர் வேறோரிடத்தில் இருப்பர். 'போச்சு' என்பதற்கு முடிந்தது என்னும் குறியொன்றே பட்டியலில் இருக்குமாயின், அதன் துயரக்குறிப்பு ஆயிரம் மணிநேரப் பேச்சினின்றும் ஒருங்கே நீங்கிவிடும். குறியிடுவோன் அதனை அறிந்திருந்தும் எழுத இடமில்லை. மற்றொன்று, பட்டியலை வகுப்போன் வாயில். எம் குழுவின் தலைவரிடம் யாம் இக்குறை பற்றி முறையிட்டபொழுது அவர், எத்தனை இடங்களில் வந்துள்ளதென எண்ணிக் காட்டுக என்றார். எண்ணிக் காட்டினோம். மூவர் குறிகளும் ஒத்திருந்த இடங்களையும் மாறுபட்ட இடங்களையும் வகுத்துக் காட்டினோம். அடுத்த கிழமை பட்டியலிற் புதுக்குறியொன்று சேர்ந்தது. முறையீட்டால் திறவாத கதவு எண்ணிக்கையால் திறந்தது.

ஆதலின் விண்ணப்பிக்க விரும்புவோர் எண்ணக் கற்றுச் செல்க. புள்ளியியலின் தொடக்கப் பகுதியும், பைதான் என்னும் நிரல்மொழியிற் கோப்பொன்றைத் திறந்து சொற்களை எண்ணும் அளவு பயிற்சியும் முதலிற் போதும். எமக்கு இவ்விரண்டும் ஆறு கிழமைகளிற் கைவந்தன. யாப்பில் அசை பிரித்துப் பழகியவர்க்குச் சொற்பிரிப்பு நிரல் எழுதுதல் அத்துணைப் புதிதன்று. இன்னும் ஆழ்ந்து கற்க விரும்புவோர்க்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020 இல் தொடங்கிய தரவறிவியல் இளநிலைப் படிப்பு உண்டு. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எப்பிரிவு பயின்றோரும், பத்தாம் வகுப்பிற் கணிதமும் ஆங்கிலமும் கற்றிருப்பின், தகுதித் தேர்வின் வழியாகச் சேரலாம். ஒரே காலத்தில் இரண்டு பட்டங்களைப் பயிலுதற்குப் பல்கலைக்கழக மானியக்குழு 2022 இல் இசைவளித்துள்ளமையின் தமிழ் வகுப்பை விடவேண்டுவதில்லை. குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தின் ஏ.யூ.–கே.பி.சி. ஆய்வு மையம் கணிப்பொறிவழி மொழியாராய்ச்சியில் நெடுநாட் பழகியது. மூளையின் உடற்கூற்றில் விருப்பமுடையோர், சென்னை ஐ.ஐ.டி.யில் 2022 இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார் 2024 இல் வெளியிட்ட தரணி என்னும் கருமூளைப் படத்தொகுதியைக் காண்க. கருவிலிருக்கும் குழவியின் மூளையை உயிரணு புலப்படும் நுட்பத்தோடு அது காட்டுகின்றது.

விண்ணப்ப மடலைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். தமிழின் தொன்மையைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதுவதனால் யாதொரு பயனும் இல்லை. அவ்வாய்வுக்குழுவினர் எழுதிய கட்டுரையொன்றை முற்றப் படித்து, அதனுள் தமிழுக்குப் பொருந்தாத இடமொன்றைக் கண்டு, அதற்கு எடுத்துக்காட்டு ஐந்து தந்து ஒரு பக்கத்தில் எழுதுக. ஆங்கிலத்தில் எழுதுதல் பற்றி நாணற்க, எளிய ஆங்கிலமே போதும். மறுமொழி வாராவிடின் இரண்டு கிழமை கழித்து மறுபடியும் எழுதுக. யாம் நான்கு இடங்கட்கு எழுதினோம், ஓரிடத்தினின்றே விடை வந்தது.

இவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில் அக்குழுவிற்கு மீண்டும் செல்ல இருக்கின்றோம். தன்வினை பிறவினை பற்றிய வினாவை ஒரகடத்திற் சோதித்துப் பார்க்க இசைவு கிடைத்துள்ளது. சிறு படங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் குவளையோ பெட்டியோ ஒருவர் கையால் விழும், சிலவற்றில் வேண்டுமென்றே, சிலவற்றில் தற்செயலாக. தமிழ் பேசுவோர்க்கும் ஒடியா பேசுவோர்க்கும் அவரவர் மொழியிற் காட்டி, நிகழ்ந்ததைச் சொல்லச் செய்து, பின்னர்ச் செய்தவர் முகத்தை நினைவு கூறச் செய்தல் வேண்டும். அறநெறிக் குழுவினர் இரண்டு மாற்றங்கள் செய்யுமாறு பணித்துள்ளனர். தொழிலாளரின் மேலதிகாரி அருகில் இருத்தல் கூடாது என்பது ஒன்று. உடன்பாட்டுத் தாளில், உங்கள் விடைகளை யாம் எந்நிறுவனத்திற்கும் தரமாட்டோம் என்னும் வாக்கியத்தை ஒடியாவில் எழுதி, அம்மொழியாளர் ஒருவரிடம் படித்துக் காட்டிப் பொருள் சரிபார்த்தல் வேண்டும் என்பது மற்றொன்று. காலம் இன்னும் முடிவாகவில்லை. முதல் ஷிப்டு முடிந்து பேருந்து வரும் வரை உள்ள அரைமணி நேரத்தையே தேடிக்கொண்டிருக்கின்றோம்.